லிபியாவின் சர்ராஜ்: ஒற்றுமை அரசின் தலைவரா, கடற்படைத் தளத்தில் ஒண்டியிருந்தவரா?

வைகைக்கரையான் | காலை 9:12

நேற்று வேறொரு இழையில் யாரோ "தேசிய ஒற்றுமை அரசு" என்று எழுதப்போய், பேச்சு லிபியாவுக்குத் தாவி, கடைசியில் ஃபாயெஸ் அல் சர்ராஜில் வந்து நின்றது. அங்கே அடித்துக்கொள்ள இடம் போதவில்லை. அதனால் தனி இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் உலகமே பிரதமர் என்று அழைத்த மனிதர் இவர். ஆனால் தன் தலைநகருக்குள் எப்படி வந்தார் தெரியுமா? 2016 மார்ச் 30. டிரிப்போலியில் அப்போது ஆட்சி நடத்திக்கொண்டிருந்த கூட்டம், இவர் வரக்கூடாது என்று வான்வெளியை மூடிவிட்டது. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, டிரிப்போலியின் அபு சித்தா கடற்படைத் தளத்தில் இறங்கினார். முன்வாசலில் விடமாட்டார்கள் என்று தெரிந்து கொல்லைப்புறமாக வந்த பிரதமர். வந்தவர் இறங்கிய இடத்திலேயே அலுவலகத்தையும் போட்டுக்கொண்டார்.

நகரத்து ஆயுதக் குழுக்கள் இவர் சொல் கேட்கவில்லை. நாடாளுமன்றம் இவரை ஏற்கவில்லை. கிழக்கே படைத்தலைவர் ஹஃப்தர் இவரை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. இவரைப் போய் ஒற்றுமை அரசின் தலைவர் என்பதா? பொம்மை என்பதுதான் சரியான சொல். மறுப்பவர்கள் வாருங்கள்.

தேநீர்க்கடை பெஞ்சு | காலை 9:20

பொம்மைக்குச் சாவி கொடுக்க ஒரு கை இருந்தால் போதும். இவருக்குச் சாவி கொடுக்க அரை டஜன் நாடுகள் வரிசையில் நின்றன. அதனால்தான் எந்தப் பக்கமும் நடக்காமல் நடுவில் நின்றுவிட்டார்.

அரைக்கால் ஞானி | காலை 10:05

வைகை, நீங்கள் இடைவேளைக்குப் பிறகு தியேட்டருக்குள் வந்தவர் மாதிரி பேசுகிறீர்கள். முதல் பாதியைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

லிபியா 1951 டிசம்பர் 24-இல் சுதந்திரம் வாங்கியபோதே மூன்று பகுதிகளின் கூட்டாட்சிதான். மேற்கே டிரிப்போலித்தானியா, கிழக்கே பர்கா எனப்படும் சிரெனைக்கா, தெற்கே ஃபெஸ்ஸான். டிரிப்போலிக்கும் பெங்காசிக்கும் சாலை வழியே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். 1959-இல் எண்ணெய் கிடைத்தது. 1963-இல் மன்னர் இத்ரீஸ் கூட்டாட்சியைக் கலைத்து ஒரே ஆட்சி ஆக்கினார். 1969-இல் கடாஃபி வந்தார், 42 வருடம் இருந்தார். அவர் போன பிறகு நாட்டில் மிஞ்சியவை மூன்றே மூன்று: எண்ணெய்க் கழகம், மத்திய வங்கி, தெருத்தெருவாக ஆயுதம். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். சர்ராஜ் கதை முழுக்க இதற்குள்தான்.

2014 ஜூனில் ஒரு தேர்தல் நடந்தது. வாக்களித்தவர்களே குறைவு. தோற்ற தரப்பு முடிவை ஏற்கவில்லை. மிஸ்ராட்டா நகரத்துப் படைகள் "லிபிய விடியல்" என்ற பெயரில் டிரிப்போலியைப் பிடித்தன. அந்தச் சண்டையில் சர்வதேச விமான நிலையமே எரிந்து கரியானது. புதிய நாடாளுமன்றம் எகிப்து எல்லையருகே தோப்ருக்குக்குப் போய் உட்கார்ந்தது. அதற்கு முன்பே, மே மாதத்தில், பெங்காசியில் ஹஃப்தர் தனியாகப் படை திரட்டிக்கொண்டு இறங்கியிருந்தார். நவம்பரில் டிரிப்போலியில் இருந்த உச்ச நீதிமன்றம், தோப்ருக் நாடாளுமன்றத்துக்கு அடித்தளமே செல்லாது என்றது. ஆக இரண்டு நாடாளுமன்றம், இரண்டு பிரதமர்.

இதை ஒட்டவைக்க ஐநா நடத்திய பேச்சில்தான் சர்ராஜ் பெயர் வருகிறது. 2015 டிசம்பர் 17, மொராக்கோவின் ஸ்கிராத் நகரில் கையெழுத்து. ஒன்பது பேர் கொண்ட தலைமைக் குழு, அதற்குத் தலைவர் சர்ராஜ். கட்டடக் கலைஞர், டிரிப்போலிக்காரர், அவர் அப்பா சுதந்திரம் வாங்கிய காலத்து அரசியல்வாதி. தோப்ருக் நாடாளுமன்ற உறுப்பினர், ஆனால் தொகுதி டிரிப்போலியில். இரண்டு பக்கமும் வாசல் உள்ள வீடு என்று நினைத்துப் பிடித்தார்கள். சொந்தமாகப் படையும் இல்லை, பெரிய குலத்தின் பலமும் இல்லை, கட்சியும் இல்லை. யாரையும் பயமுறுத்தமாட்டார் என்பதுதான் தகுதி.

இப்போது முக்கியமான இடம். ஒப்பந்தப்படி அவருடைய அமைச்சரவைக்குத் தோப்ருக் நாடாளுமன்றம் நம்பிக்கை வாக்கு தர வேண்டும். அதே ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதியில் எட்டாவது பிரிவு என்று ஒன்று: மூத்த ராணுவப் பதவிகள் எல்லாம் தலைமைக் குழுவின் கைக்கு வந்துவிடும். அதாவது ஹஃப்தர் பதவியில் நீடிப்பதா வேண்டாமா என்பதை சர்ராஜ் தீர்மானிப்பார். ஹஃப்தரின் நிழலில் உட்கார்ந்திருக்கும் நாடாளுமன்றம் இதற்கு எப்படிக் கை தூக்கும்? 2016 ஆகஸ்ட் 22-இல் வாக்கெடுப்பு வந்தது, நிராகரித்தார்கள். கடைசி நாள் வரை அந்த வாக்கு அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே பொம்மை என்று திட்டுவதற்கு முன் பத்திரத்தைப் படியுங்கள். பத்திரத்திலேயே வில்லங்கம்.

வைகைக்கரையான் | காலை 10:31

ஞானி சார், பத்திரத்தில் வில்லங்கம் என்றால் பத்திரம் எழுதியவரைப் பற்றியும் சொல்லுங்கள். சர்ராஜ் பெயரை அறிவித்த ஐநா தூதர் பெர்னார்டினோ லியோன், அந்தப் பதவியை விட்ட கையோடு ஐக்கிய அரபு அமீரகத்தில் தூதர்களுக்குப் பயிற்சி தரும் கழகத்தின் தலைமைப் பதவிக்குப் போனார். அந்த அமீரகம் யார் பக்கம்? ஹஃப்தர் பக்கம். பஞ்சாயத்து பண்ண வந்தவர் ஒரு வாதியின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தால் நம் ஊரில் என்ன சொல்வார்கள்?

அரைக்கால் ஞானி | காலை 10:38

அதில் உங்கள் கட்சிதான் நானும். பிறகு வந்த மார்ட்டின் கோப்ளர் அவசரப்பட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. கையெழுத்தான ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 23-இல், பாதுகாப்புக் கவுன்சில் 2259-ஆம் தீர்மானத்தில் இவர்தான் லிபிய அரசு என்று முத்திரை குத்தியது. மாப்பிள்ளை ஊர்வலம் முடிந்துவிட்டது, பெண் வீட்டார் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.

கொற்றவை | காலை 11:15

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். ஒற்றுமை அரசு என்றதும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறோம்.

கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. 2008-இல் கிபாகி ஜனாதிபதி, ஒடிங்கா பிரதமர் என்று உட்கார்ந்தார்கள். ஜிம்பாப்வேயில் 2009 பிப்ரவரியில் முகாபே ஜனாதிபதி, சாங்கிராய் பிரதமர். சாங்கிராய் கட்சிக்கு நிதி அமைச்சகம் கிடைத்தது, அதாவது காலிக் கஜானா. ராணுவமும் உளவும் முகாபேயிடமே. அநியாயப் பங்கீடுதான். ஆனாலும் அடித்துக்கொண்ட இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்தார்கள். ஒருவர் எழுந்து போனால் அரசு விழும் என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

லிபியாவில் அடித்துக்கொண்டவர்கள் வெளியே நின்றார்கள், சண்டையில் இல்லாத மூன்றாம் ஆள் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹஃப்தருக்கு இந்த அரசு விழுந்தால் இழக்க ஒன்றும் இல்லை. டிரிப்போலி ஆயுதக் குழுக்களுக்கோ அரசு பலவீனமாக இருக்கும்வரை கொண்டாட்டம். சர்ராஜ் நல்லவரா கெட்டவரா என்பதைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தேநீர்க்கடை பெஞ்சு | காலை 11:19

அண்ணன் தம்பி சண்டைக்கு ஹவுஸ் ஓனரைக் குடும்பத் தலைவர் ஆக்கிய கதை.

கொற்றவை | காலை 11:21

ஹவுஸ் ஓனருக்காவது வீடு சொந்தம்.

நாகர்கோவில் செவிலி | மதியம் 1:47

இந்தத் தளத்தில் பல வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ. நான் 2012 முதல் 2019 வரை டிரிப்போலியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அரசியல் எனக்கு அவ்வளவு தெரியாது. சர்ராஜ் வந்த இரவு தெரியும்.

அன்று மாலைப் பணி. ஏழு, எட்டு மணிக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அங்கே சத்தம் கேட்டால் கல்யாணமா சண்டையா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வார்டில் ஒரு வயதானவர், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். அவர் மகன் போனைப் பார்த்துவிட்டு "புது அரசாங்கம் கடல் வழியாக வந்துவிட்டது" என்றான். பெரியவர், "இதற்கு முன் வந்ததெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். வார்டே சிரித்தது. ஆனால் நிஜமாகவே எல்லோருக்கும் ஒரு ஆசை இருந்தது. இனிமேல் வங்கியில் பணம் வரும் என்ற ஆசை.

அந்தக் காலத்தில் டிரிப்போலியில் எல்லோர் வாயிலும் இருந்த சொல் "சுயூலா". கைக்குப் புழங்கும் ரொக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போனால் "மாஃபீஷ் சுயூலா", ரொக்கம் இல்லை. கணக்கில் சம்பளம் ஏறியிருக்கும், கையில் தரமாட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே வங்கி வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. காகிதத்தில் பெயர் எழுதி வரிசை எண் போடுவார்கள். கதவு திறந்து பாதிப் பேருக்குக் கொடுத்ததும் தீர்ந்துவிட்டது என்று மூடிவிடுவார்கள். அங்கேயே சண்டை வரும், காவலுக்கு நிற்கும் பையன்கள் வானத்தில் சுடுவார்கள். அந்த வாரம் எங்களுக்குக் கூடுதல் வேலை.

என் சம்பளம் 900 தினார். அரசு விலையில் ஒரு டாலருக்கு 1.4 தினார், அதாவது 640 டாலருக்கு மேல். ஆனால் அந்த விலைக்கு வங்கி ஊருக்கு அனுப்பித் தராது. 2017 கடைசியில் கறுப்புச் சந்தையில் ஒரு டாலர் 9 தினாருக்கு மேல் போனது. அதே 900 தினார் 100 டாலர். வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர்கள் நாங்கள். தங்கைக்குச் சீர் செய்யலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன், அந்த வருடம் கணக்கு நோட்டையே எடுக்கவில்லை.

அதனால் சர்ராஜ் பொம்மையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தொலைக்காட்சியில் கோட்டு சூட்டு போட்டு, மெதுவாகப் பேசுவார். கோபமே வராது. வெளிநாட்டுத் தலைவர்களோடு கைகுலுக்குவார். "கைகுலுக்கிக் குலுக்கியே ஆட்சி முடிந்துவிடும்" என்று எங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்வார்.

வைகைக்கரையான் | மதியம் 2:02

அக்கா, இந்த இழையைத் தொடங்கியதற்கு இந்த ஒரு பதிவே போதும். கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள், கிழக்கில் இருந்தவர்களுக்கும் இதே நிலைதானா? அங்கே வேறு அரசாங்கமாயிற்றே.

நாகர்கோவில் செவிலி | மதியம் 2:20

பெங்காசியில் இருந்த தோழி ஒருத்தியிடம் பேசுவேன். அவளுக்கும் அதே வரிசை, அதே பதில். அரசாங்கம்தான் இரண்டு, பஞ்சம் ஒன்று.

கப்பல்காரன்_72 | மாலை 4:10

தூத்துக்குடிக்காரன், எண்ணெய்க் கப்பலில் இன்ஜின் பக்கம் இருபத்தைந்து வருடம். லிபியத் துறைமுகங்கள் எனக்குப் பழக்கம். எஸ் சித்ர், ராஸ் லனூஃப், ஸாவியா எல்லாம் போயிருக்கிறேன். அக்கா சொன்னதன் மறுபாதி கடல் பக்கம் இருக்கிறது.

லிபியாவில் எண்ணெய் கிடக்கிற பெரும்பகுதி கிழக்கே. அதை விற்கும் உரிமை டிரிப்போலியில் உள்ள தேசிய எண்ணெய்க் கழகத்துக்கு மட்டும். விற்ற காசு டிரிப்போலி மத்திய வங்கிக்கு. அங்கிருந்துதான் கிழக்கு மேற்கு இரண்டு பக்கத்து அரசு ஊழியர்களுக்கும் சம்பளம். அடுப்பு இரண்டு, அரிசி மூட்டை ஒன்று.

தனியாக விற்கப் பார்த்தவர்கள் உண்டு. 2014 மார்ச்சில் "மார்னிங் க்ளோரி" என்று ஒரு கப்பல். எஸ் சித்ரைப் பிடித்து வைத்திருந்த ஆயுதக் குழுத் தலைவர் ஜத்ரானின் ஆட்கள் அதில் எண்ணெய் ஏற்றி அனுப்பினார்கள். தடுக்க முடியாத பிரதமர் அலி ஸைதானை நாடாளுமன்றம் பதவியிலிருந்து தூக்கியது. கப்பலை சைப்ரஸ் அருகே அமெரிக்கக் கடற்படை மடக்கித் திருப்பியது. ஒரு டேங்கர் ஒரு பிரதமரைக் கவிழ்த்த ஊர் அது.

நம்மோடு தொடர்புள்ள கதை அடுத்தது. சர்ராஜ் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2016 ஏப்ரல். தோப்ருக் பக்கத்தில் மர்சா அல் ஹரீகா துறைமுகத்தில் கிழக்கு அரசின் ஆட்கள் 6,50,000 பீப்பாய் எண்ணெயை "டிஸ்தியா அமேயா" என்ற கப்பலில் ஏற்றினார்கள். இந்தியக் கொடி பறந்த கப்பல். மால்டா உள்ளே விடவில்லை. ஐநா அதைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. நடுக்கடலில் நின்று, கடைசியில் திரும்பிப்போய் டிரிப்போலி அரசின் கையில் இருந்த ஸாவியாவில் எண்ணெயை இறக்கியது. அந்தக் கப்பலில் நான் இல்லை, ஆனால் அந்த மாதம் எங்கள் மெஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. பில் ஆஃப் லேடிங் என்கிற சரக்குச் சீட்டில் கையெழுத்து போட்டது யார் என்று பார்க்காமல் சரக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் கேப்டன் அதை வைத்துத்தான் பாடம் எடுத்தார்.

வைகை தம்பி, பொம்மை என்கிறீர்கள். அந்தக் கப்பல் திரும்பியது எதனால்? சர்ராஜிடம் ஒரு படகு அனுப்பி மறிக்கப் பலம் இல்லை. ஆனால் அந்த எண்ணெய் அவர் அரசின் எண்ணெய் என்று உலகம் ஏற்ற ஒரே காரணத்தால் அது விலைபோகவில்லை. ஹஃப்தரிடம் துறைமுகம் இருந்தது, விற்கும் உரிமை இல்லை. இவரிடம் விற்கும் உரிமை இருந்தது, துறைமுகம் இல்லை.

அரைக்கால் ஞானி | மாலை 4:26

அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மத்திய வங்கிப் பணப்பெட்டிச் சாவியும் சர்ராஜிடம் முழுசாக இல்லை. அப்போதைய வங்கி ஆளுநர் சாதிக் அல் கபீர் 2011-இலிருந்து 2024 வரை இருந்தவர். 2014-இல் தோப்ருக் அவரை நீக்கியது, அவர் எழுந்திருக்கவே இல்லை. கிழக்குக்காரர்கள் தனி ஆளுநர் வைத்து, ரஷ்யாவில் தனியாகத் தினார் நோட்டு அச்சடித்து இறக்கினார்கள். டிரிப்போலியிலோ பிரதமர் செலவு செய்ய வேண்டும் என்றால் ஆளுநர் மனம் இளக வேண்டும். இருவருக்கும் வருடக்கணக்கில் இழுபறி. 2018 செப்டம்பரில்தான் டாலர் வாங்குவதற்கு 183 சதவீதம் கட்டணம் என்று போட்டுக் கறுப்புச் சந்தையைக் கொஞ்சம் அடக்கினார்கள்.

ஒற்றைப்பனை | இரவு 7:40

எல்லோரும் சேர்ந்து அவருக்கு மாலை போடுவது மாதிரி இருக்கிறது. பலமில்லை, பாவம், பத்திரம் சரியில்லை. சரி, 2019 நவம்பர் 27-இல் துருக்கி ஜனாதிபதியோடு இரண்டு ஒப்பந்தம் போட்டாரே, யாரைக் கேட்டுப் போட்டார்? ஒன்று படை உதவி. இன்னொன்று மத்தியதரைக் கடலில் எல்லை கிழித்து, கிரீஸ் முதல் எகிப்து வரை எல்லோரையும் பகைத்துக்கொண்டது. துருக்கி ட்ரோன் வந்தது, சிரியக் கூலிப்படை வந்தது. நாடாளுமன்ற ஒப்புதலே இல்லாத பிரதமர், நாட்டின் கடலை எழுதிக் கொடுக்கிறார். இதுவா ஒற்றுமை அரசு?

அரைக்கால் ஞானி | இரவு 8:02

பனை, அதற்கு ஏழு மாதம் முன்னால் போங்கள். 2019 ஏப்ரல் 4, ஹஃப்தர் டிரிப்போலி மீது படை எடுத்த நாள். அன்று ஐநா பொதுச்செயலாளர் குத்தேரஸ் டிரிப்போலியில்தான் இருந்தார். பத்து நாளில் கதாமிஸ் நகரில் தேசிய மாநாடு கூட வேண்டியது. பிப்ரவரியில்தான் சர்ராஜும் ஹஃப்தரும் அபுதாபியில் சந்தித்திருந்தார்கள். அதற்கு முன் 2017-இல் பாரிஸ், 2018-இல் மறுபடி பாரிஸ், பிறகு பலெர்மோ. அந்த இரண்டாம் பாரிஸ் சந்திப்பில் 2018 டிசம்பர் 10-இல் தேர்தல் என்று நாள்கூடக் குறித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் ஹஃப்தர் ஒரு படி மேலே ஏறினார், அவ்வளவுதான்.

படையெடுப்பு வந்தபோது ஹஃப்தர் பக்கம் யார் யார்? அமீரக ட்ரோன்கள், எகிப்து, ரஷ்ய வாக்னர் கூலிப்படை. ஜூலையில் தாஜூராவில் அகதிகளை அடைத்து வைத்திருந்த கொட்டடி மீது குண்டு விழுந்து 50 பேருக்கு மேல் செத்தார்கள். 2020 ஜனவரி 4-இல் டிரிப்போலி ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் அணிவகுப்புக்கு நின்ற 26 மாணவர்கள் ட்ரோன் தாக்குதலில் செத்தார்கள். இவரை அங்கீகரித்த ஐரோப்பிய நாடுகளில் ஒன்றுகூடப் படை அனுப்பவில்லை. துருக்கி அனுப்பியது. நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் கதவைத் தட்டிய ஒரே ஆளைத் திருப்பி அனுப்புவீர்களா?

ஒற்றைப்பனை | இரவு 8:15

நான் அந்த நாற்காலியில் மூன்று வருடம் முன்பே இருந்திருக்கமாட்டேன்.

கொற்றவை | இரவு 8:44

ஞானி சார், தாஜூராவை ஹஃப்தர் கணக்கில் மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். குண்டு போட்டது அந்தப் பக்கம். ஆனால் அந்த ஆப்பிரிக்கப் பிள்ளைகளைக் கொட்டடியில் பூட்டி வைத்தது எந்தப் பக்கம்? 2017 பிப்ரவரியில் இத்தாலிப் பிரதமரோடு சர்ராஜ் ஒப்பந்தம் போட்டார். கடலைத் தாண்டப் பார்க்கும் அகதிகளை லிபியக் கரையோரக் காவல் படை பிடித்துத் திருப்பிக் கொண்டுவரும், அதற்கு இத்தாலி படகும் பணமும் பயிற்சியும் தரும். பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அடைக்கப்பட்ட இடங்கள் பலவும் ஆயுதக் குழுக்களின் பிடியில் இருந்தவை. அடி, பட்டினி, ஊருக்குப் போன் போட்டுப் பணம் கேட்பது.

நாற்காலியில் பலமில்லாதவர் என்று எல்லாவற்றுக்கும் விலக்குக் கொடுக்கிறோம். ஆனால் பலமில்லாத அந்தக் கையெழுத்து இத்தாலிக்கு எவ்வளவு உபயோகமாக இருந்தது பாருங்கள். ரோமில் உள்ளவர்களுக்கு அவர் பொம்மையாக இருப்பதுதான் வசதி. என் கோபம் இங்கேதான், துருக்கியில் இல்லை.

இழை நடத்துநர் | இரவு 9:30

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஹஃப்தரை நம் ஊர்த் தலைவர்களோடு ஒப்பிட்டுச் சண்டை போட வேறு பகுதி இருக்கிறது. இழை லிபியாவிலேயே இருக்கட்டும்.

நாகர்கோவில் செவிலி | இரவு 10:55

பணி முடிந்து இப்போதுதான் படித்தேன். 2019 ஏப்ரல் என்றதும் கை நடுங்குகிறது.

முதல் வாரமே மிட்டிகா விமான நிலையத்தில் குண்டு விழுந்தது. விமானம் ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை. அப்போதைய நம் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ், டிரிப்போலியில் இருக்கும் இந்தியர்கள் உடனே கிளம்புங்கள், பிறகு எங்களால் வெளியேற்ற முடியாது என்று சொன்னார். 500 பேருக்கு மேல் இருந்தோம். கிளம்பச் சொன்னால் போதுமா? எங்கள் சம்பளப் பாக்கி எட்டு மாதம். பாஸ்போர்ட் மருத்துவமனை அலுவலகத்தில். நிர்வாகத்திடம் போனால் அமைச்சகம் என்பார்கள், அமைச்சகத்துக்குப் போனால் வங்கி என்பார்கள். நான் பாக்கியை விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டை மட்டும் அழுது வாங்கிக்கொண்டு துனிஸ் வழியாக வந்தேன்.

ஒன்று சொல்கிறேன், சரியா தவறா தெரியாது. குண்டு விழுந்த முதல் இரண்டு நாளும் எங்கள் டாக்டர்கள் எல்லோரும் சர்ராஜ் ஓடிவிடுவார் என்றுதான் பேசினார்கள். அவர் ஓடவில்லை. அதற்காக அவரை யாரும் பாராட்டவும் இல்லை. மறுநாள் மின்சாரம் எத்தனை மணி நேரம் வரும் என்பதில் பேச்சு போய்விட்டது.

வைகைக்கரையான் | இரவு 11:20

ஓடவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர் முடிந்த பிறகு என்ன செய்தார்? 2020 ஜூனில் தர்ஹூனா நகரிலிருந்து ஹஃப்தர் படை பின்வாங்கியது. அங்கே தோண்டத் தோண்டப் பிணக்குழிகள். வென்ற அரசு என்றால் அப்போதாவது நிமிர்ந்திருக்க வேண்டும். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 23-இல், மின்வெட்டைத் தாங்க முடியாமல் டிரிப்போலி இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் மீது துப்பாக்கிக்காரர்கள் சுட்டார்கள். சர்ராஜ் தன் உள்துறை அமைச்சர் பாஷாகாவை இடைநீக்கம் செய்தார், ஒரு வாரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார். செப்டம்பரில் அக்டோபர் கடைசிக்குள் விலகுகிறேன் என்றார், அக்டோபர் கடைசியில் விலகவில்லை என்றார். இதற்கு என்ன பெயர்?

அரைக்கால் ஞானி | இரவு 11:41

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பாஷாகா விவகாரம் அசிங்கம்தான். அவர் மிஸ்ராட்டாக்காரர், பின்னால் ஒரு நகரமே நிற்கிறது. நீக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. சிர்த் நகரில் ஐஎஸ் கூட்டத்தை 2016-இல் ஏழு மாதம் சண்டை போட்டு விரட்டியதும் மிஸ்ராட்டா பையன்கள்தான், நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பெயர் சர்ராஜ் அரசுக்கு, ரத்தம் மிஸ்ராட்டாவுக்கு. அந்தக் கடன் கடைசி வரை அவர் தலைமேல் இருந்தது.

ஆனால் விலகல் விஷயத்தில் முழுக் கணக்கையும் சொல்லுங்கள். 2021 பிப்ரவரி 5-இல் ஜெனீவாவில் ஐநா கூட்டிய 75 பேர் மன்றம் வாக்களித்து, தோப்ருக் நாடாளுமன்றச் சபாநாயகர் அகீலா சாலேஹ்-பாஷாகா அணியை 39-க்கு 34 என்று தோற்கடித்து த்பைபா அணியைத் தேர்ந்தெடுத்தது. மார்ச் 10-இல் நாடாளுமன்றம் த்பைபாவுக்கு நம்பிக்கை வாக்கும் கொடுத்தது, 132 ஓட்டு. சர்ராஜுக்கு ஐந்து வருடம் கிடைக்காதது. மார்ச் 16-இல் டிரிப்போலியில் சர்ராஜ் பொறுப்பை ஒப்படைத்தார். ஒரு குண்டு வெடிக்கவில்லை. 2011-க்குப் பிறகு அந்த நாற்காலியிலிருந்து எழுந்தவர்களில் எத்தனை பேர் இப்படி எழுந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கப்பல்காரன்_72 | இரவு 11:50

வந்த த்பைபா அந்த வருடம் டிசம்பர் 24-இல் தேர்தல் நடத்திவிட்டுப் போக வேண்டியவர். தேர்தல் நடக்கவில்லை, அவரும் போகவில்லை. 2022-இல் கிழக்கே பாஷாகாவைப் பிரதமர் ஆக்கினார்கள், பிறகு ஒசாமா ஹம்மாத். சர்ராஜ் ஹஃப்தரோடு மல்லுக்கட்டியபோது அவருடைய உள்துறை அமைச்சராக இருந்த அதே பாஷாகா, ஹஃப்தர் தரப்பு தயவில் பிரதமர். 2023 செப்டம்பரில் தெர்னாவில் இரண்டு அணை உடைந்து ஊரே கடலுக்குப் போனதே, அப்போதும் இரண்டு அரசாங்கம்.

வைகைக்கரையான் | மறுநாள் காலை 7:05

ராத்திரி யோசித்தேன். பொம்மை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், ஆனால் தலைவர் என்றும் எழுதமாட்டேன். கப்பல்காரர் சொன்னதன் சாரம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது: ரசீதுப் புத்தகம் கையில் இருந்த மனிதர். கடை வேறு ஆட்களிடம் இருந்தது.

அக்கா, உங்கள் பாக்கிச் சம்பளம் கடைசியில் வந்ததா?

நாகர்கோவில் செவிலி | காலை 7:48

இல்லை. கணக்கில் போட்டுவிட்டோம் என்று 2020-இல் ஒரு தகவல் வந்தது. போட்டிருந்தாலும் இங்கிருந்து எடுக்க வழியில்லை. 2021 ஜனவரியில் அரசு விலையையே டாலருக்கு 4.48 தினார் என்று மாற்றிவிட்டார்கள். என் எட்டு மாதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

கையில் கொண்டுவந்தது இரண்டு 20 தினார் நோட்டு. ஒன்று டிரிப்போலி வங்கி நோட்டு, இன்னொன்று கிழக்குக்காரர்கள் ரஷ்யாவில் அடித்தது. கையெழுத்து வேறு வேறு. நாங்கள் காய்கறி வாங்கும் கடைக்காரர் இரண்டையும் ஒரே டப்பாவில்தான் போடுவார். இரண்டையும் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

கப்பல்காரன்_72 | காலை 7:55

படம் எடுத்துப் போடுங்கள் தங்கச்சி. இரண்டு கையெழுத்தும் தெரிகிற மாதிரி.

நாகர்கோவில் செவிலி | காலை 7:58

பேருந்தில் இருக்கிறேன் அண்ணா. சாயங்காலம் போடுகிறேன்.